சிவப்பு முத்திரை

பத்து நிமிஷம்னு எழுத்துல குடுத்திருந்தாவ. எழுத்துல! நாலு நிமிஷத்துல மைக்கை வாங்கிட்டாவ. லெட்டர் இந்தப் பையிலதான் இருக்கு, வேணும்னா காட்டுதேன். 'திருமதி பியூலா, மருதங்கால் ஊர்ப் பயிற்றுநர், வெற்றி அனுபவம், பத்து நிமிடம்.' நானா கேட்டேன்? அவியளாத்தான் கூப்பிட்டாவ. காலையில அஞ்சரை மணிக்கு எந்திச்சு, சேலைக்கு இஸ்திரி போட்டு, ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கேன். எனக்கு முன்னால பேசுனவிய பதினாறு நிமிஷம் பேசுனாவ. அவியகிட்ட யாரும் மைக்கை வாங்கல. ஏன்னா அவிய ஊர்ல எல்லாம் நல்லா நடந்துச்சு.

நீங்க ஜன்னல் பக்கம் தள்ளிக்கிடுங்க, எனக்கு வெயிலு ஒத்துக்காது. வள்ளியூர்தான எறங்கணும்? அப்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. கேக்க முடியலன்னா சொல்லிருங்க, நிறுத்திருதேன். வீட்டுல சொன்னா எங்க வீட்டுக்காரரு, 'விடு பியூலா, முடிஞ்சு போச்சு'ன்னுட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டிருதாவ.

நான் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் டீச்சர். பதினெட்டு வருஷமா. போன வருஷம் ஒரு டிரஸ்ட்டுல இருந்து வந்து, ஊர்ல பொம்பளையளுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை வகுப்பு எடுக்கணும்னு கேட்டாவ. என்ன வகுப்புன்னா, போன்ல வருதுல்லா இந்தச் செய்தி எல்லாம், அதுல எது உண்மை, எது பொய்யின்னு பாத்துச் சொல்லத் தெரியணும். யாரு சொன்னா, எப்பம் சொன்னா, அவிய எப்படித் தெரிஞ்சு சொன்னாவ, படம் நெசமா அந்த எடத்துல எடுத்ததுதானா. இவ்வளவுதான். கேக்க லேசா இருக்கா? நீங்க எடுத்துப் பாருங்க ஒரு நாள்.

மருதங்கால்ல பாதிப் பேரு பீடி சுத்துதவிய. சமுதாயக் கூடத்துல வந்து உக்காருவாளுவ, ஆளுக்கொரு சுளவு, மொறம், மடியில. நான் போர்டுல எழுத எழுத அவளுவ கையி சுத்திக்கிட்டே இருக்கும். இலையும் தூளும் அந்தக் கூடம் பூரா ஒரு நெடி. நான் தும்மிக்கிட்டே பாடம் எடுப்பேன். முதல் வாரம் கேட்டேன், 'இந்த வாரம் ஒங்க போனுக்கு என்னெல்லாம் வந்துச்சு'ன்னு. ஒருத்தி சொல்லுதா, பப்பாளி இலையை அரைச்சுக் குடிச்சா கண்ணாடி போட வேண்டாமாம். இன்னொருத்தி, இந்த லிங்க்கைத் தொட்டா பொம்பளப் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வருமாம். ஒருத்தி, இந்தச் சாமி படத்தைப் பதினோரு பேருக்கு அனுப்பலைன்னா வீட்டுல ஆள் விழுந்துரும்னு வந்துச்சாம், அவ பதினோரு பேரு இல்லாம எனக்கும் சேத்து அனுப்பியிருந்தா! நான் ஜெபம் பண்ணுத பொம்பளை, எனக்கு!

ஒரு குரூப் ஆரம்பிச்சேன், வாட்ஸ்அப்புல. அறுபத்தி மூணு பேரு. என்ன செய்தி வந்தாலும் முதல்ல இதுல போடுங்க, நான் பாத்துச் சொல்லுதேன்னு சொன்னேன். அதுக்குன்னு நானே ஒரு படம் செஞ்சேன். வட்டமா, சிவப்பா, தபாலாபீஸ் முத்திரை மாதிரி. நடுவுல கொட்டை எழுத்துல 'பொய்'. பொய்ச் செய்தி வந்தா அது மேல இதைப் போட்டுருவேன். அவளுவளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 'டீச்சர் குத்திட்டாவ'ம்பாளுவ. அதுல ஒரு கெத்து, இல்லன்னு சொல்லல.

இதுல பிரமுவைச் சொல்லணும். பிரம்மசக்தின்னு முழுப் பேரு. அந்த ஸ்காலர்ஷிப் லிங்க்கை அனுப்புனவ அவதான். புருஷன் சொரிமுத்து ஆடு மேய்க்காவ, சொந்த ஆடு. ஒரே மக, பத்தாம் கிளாஸ். மக படிப்புக்குன்னு ஆசைப்பட்டு அந்த லிங்க்கைத் தொட்டு, ஆதார் நம்பர் எல்லாம் அடிச்சுக் குடுத்து, ஊர் பூரா வேற அனுப்பிட்டா. நான் குரூப்புல அவ பேரைப் போட்டு, முத்திரை குத்தி, 'இப்படிச் செய்யக் கூடாது என்பதற்கு இது உதாரணம்'னு எழுதுனேன். அடுத்த சனிக்கிழமை போர்டுலயும் எழுதிப் போட்டேன். பாடம்னா உதாரணம் வேணும்லா? ஊர்ல நடந்ததைச் சொன்னாத்தான மனசுல நிக்கும். அதுக்கப்புறம் பிரமு குரூப்புல ஒரு வரி போடல. வகுப்புக்கு வருவா, கடைசியில உக்காருவா, சுத்துவா, போயிருவா. பரவாயில்ல, திருந்திட்டான்னு நெனச்சேன். நாலு மாசத்துல குரூப்பே அடங்கிப் போச்சு. முதல்ல ஒரு நாளைக்கு முப்பது வரும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு. டிரஸ்ட்டுக்கு அறிக்கை அனுப்புனேன், 'பொய்ச் செய்தி பகிர்வது தொண்ணூறு சதவீதம் குறைந்தது'ன்னு. அவிய கைதட்டுற பொம்மை எல்லாம் போட்டு அனுப்புனாவ.

இப்பம் அந்த ஞாயித்துக்கிழமைக்கு வாரேன்.

எங்க ஊரு ஆத்தைப் பாத்திருக்கீயளா? பாலத்துல இருந்து பாத்தா நடுவுல ஒரு திட்டு தெரியும். நாணலும் புல்லுமா, ஒரு பெரிய மருத மரமும் நிக்கும். தண்ணி கொறைவா இருந்தா ஆடு மாடெல்லாம் அங்க ஓட்டிட்டுப் போயிருவாவ. அன்னைக்கு எங்க ஊர்ல பளீர்னு வெயிலு. துணி காயப் போட்டிருந்தேன். மேல மலையில மட்டும் ராத்திரியெல்லாம் மழை அடிச்சிருக்கு, அது கீழ இருக்க நமக்குத் தெரியுமா?

கோயில் ஆராதனை முடிஞ்சு வந்து, மீனைக் கழுவிக்கிட்டு இருக்கேன். குரூப்புல ஒரு வாய்ஸ் வருது. யாரோ எங்கயோ இருந்து வந்ததை ஒருத்தி இதுல போட்டிருக்கா. பொம்பளைச் சத்தம். மூச்சு வாங்கப் பேசுது. 'எக்கா, தண்ணியைத் தொறந்துட்டாவ, சங்கு ஊதிட்டாவ, ஆத்துக்குள்ள யாரும் நின்னா மேல ஏறிருங்க, சொல்லுங்க எல்லார்ட்டயும்'னு. அவ்வளவுதான். கூடவே ஒரு போட்டோ. அணையில இருந்து தண்ணி பனை உசரத்துக்குக் கொட்டுது.

இப்பம் நீங்களே சொல்லுங்க. பேரு இல்ல. ஊரு இல்ல. எந்த அணை, எந்த ஆறு, எத்தன மணிக்கு, ஒண்ணும் இல்ல. 'எல்லார்ட்டயும் சொல்லுங்க'ன்னு இருக்கு. டிரஸ்ட்டுல குடுத்த கையேட்டுல அஞ்சாவது பக்கத்துல அப்படியே இருக்கு: அனுப்பியவர் பெயர் இல்லாதது, நாள் இல்லாதது, அவசரப்படுத்துவது, பரப்பச் சொல்வது. நாலும் இதுல இருக்கு! கையைத் தொடைச்சுட்டு அந்தப் போட்டோவை எடுத்துத் தேடுனேன். படத்தைப் போட்டா அது முன்னால எங்க வந்திருக்குன்னு காட்டும்லா, அது. எனக்கு இருபது நிமிஷம் பிடிச்சுது. நெட்டு வேற சுத்திக்கிட்டே இருக்கு. கடைசியில கெடச்சுட்டு. அஞ்சு வருஷத்துக்கு முந்தின படம். நம்ம மாநிலமே கெடையாது!

குத்திட்டேன் முத்திரையை. கீழ எழுதுனேன்: 'ஐந்து வருடப் பழைய படம். யாரும் பயப்பட வேண்டாம். பரப்ப வேண்டாம்.' பத்து நிமிஷத்துக்குள்ள பதினேழு பேரு கட்டை விரலைத் தூக்கிப் போட்டாளுவ. நான் மீன் கொழம்பு கூட்டப் போயிட்டேன்.

அதுக்குள்ள ஆத்துல என்ன நடந்திருக்குன்னா, அந்த வாய்ஸ் சொரிமுத்து அண்ணாச்சிக்கும் எப்படியோ போயிருக்கு. அவியகிட்ட பட்டன் போனுதான், யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருக்காவ. திட்டுல மேய்ச்சுக்கிட்டு இருந்தவிய உடனே ஆட்டைக் கரைக்குக் கிளப்பிட்டாவ. முப்பத்தி நாலு ஆடு. பாதித் தண்ணிக்குள்ள எறங்கியாச்சு. அந்த நேரம் பிரமு போன் அடிச்சிருக்கா. 'என்னங்க, அது பொய்யாம், டீச்சர் குத்திட்டாவ'ன்னு. அண்ணாச்சி கேட்டிருக்காவ, 'டீச்சரே சொல்லிட்டாவளா?' 'ஆமா.' 'அப்ப சரிதான்'னுட்டு ஆட்டைத் திருப்பிட்டாவ. ஈரக் காலோட திரும்பித் திட்டுல ஏறி, மரத்தடியில துண்டை விரிச்சுப் படுத்துட்டாவ.

இதை நான் அப்பம் அறியல. பின்னால கேட்டது.

ஒரு மணி இருக்கும், பாலத்துப் பக்கம் ஒரே கூச்சல். மைக்கு கட்டுன ஆட்டோவும் சொல்லிக்கிட்டே போகுது, கரையில நிக்காதீங்கன்னு. ஓடிப் போய்ப் பாக்கேன். ஆத்தைக் காணோம். அது ஆறே இல்ல, செம்மண் கலர்ல ஒரு ரோடு நகர்ந்து போற மாதிரி இருக்கு. திட்டு இல்ல, நாணல் இல்ல. மருத மரத்துத் தலை மட்டும் தண்ணிக்கு மேல ஆடிக்கிட்டு நிக்கி. அதுல ஒரு கெளையில, வேட்டியை மரத்தோட சேத்துக் கட்டிக்கிட்டு அண்ணாச்சி.

பிரமு பாலத்துக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. அழலை. மக அவ இடுப்பைக் கட்டிப் பிடிச்சிருக்கு. நான் பக்கத்துல போனேன். அவ திரும்பிப் பாக்கல. பின்னால யாரோ சொல்லுதாவ, 'காலையில வந்த வாய்ஸ் உண்மைதானாம்'னு. எனக்கு அப்படியே உடம்பெல்லாம் எரியுது. நான் திரும்பி, 'போட்டோ பழசுதாங்க, நான் பாத்தேன், அஞ்சு வருஷத்துப் படம்'னு சொன்னேன். அங்க வச்சு. அந்தப் பாலத்துல வச்சு. ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. ஆனா சொன்னதுல ஒரு பிழையும் கெடையாது, போட்டோ பழசுதான். ஒரு ஆளு என்னைப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. அந்த ஆளு யாருன்னுகூட எனக்குத் தெரியாது.

தீயணைப்புக்காரங்க வந்து, கயிறு கட்டி, ரப்பர் படகை விட்டு, ரெண்டு தடவை படகு தப்பிப் போயி, மூணாவது தடவை பிடிச்சு, அண்ணாச்சியைக் கரைக்குக் கொண்டு வரும்போது மணி நாலரை. நடக்க முடியல அவியளால. கயிறு மாதிரி கட்டியிருந்த வேட்டி இடுப்புல அறுத்து ரத்தமா இருந்துச்சு. கரை ஏறினதும் முதல்ல கேட்டது, 'எத்தன நிக்கி?' பதினோரு ஆடு. அதுவும் அடுத்த ஊருக் கரையில ஒதுங்கினது. மிச்சத்தை ஆறு கொண்டு போயிட்டு.

யாராவது என்னை ஏசுவாவன்னு எதிர்பாத்தேன். யாரும் ஏசல. இது எவ்வளவு கஷ்டம்னு தெரியுமா? ஏசுனா பதில் சொல்லலாம். எம் பக்கத்து நியாயத்தைச் சொல்லலாம். அடுத்த சனிக்கிழமை ஒருத்தியும் வர மாட்டான்னு நெனச்சேன். அம்புட்டுப் பேரும் வந்துட்டாளுவ. சுளவை மடியில வச்சு சுத்துதாளுவ, நெடி, தும்மல், எல்லாம் பழையபடி. பிரமு மட்டும் இல்ல.

நான் முக்கால் மணி நேரம் வெளக்கினேன். போர்டுல ரெண்டு வட்டம் போட்டேன். ஒண்ணுல 'படம்', ஒண்ணுல 'செய்தி'. படம் பொய்யா இருக்கலாம், செய்தி உண்மையா இருக்கலாம். ரெண்டும் வேற வேற. நடுவுல எவனோ ஒருத்தன் உண்மைச் செய்தியோட பழைய படத்தை ஒட்டிட்டான், குத்தம் அவன் மேலதான். தெளிவாச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாளுவ. கடைசியில ஆவுடைன்னு ஒருத்தி, ஒத்தப் பேச்சு பேசாதவ, கேக்கா: 'அப்ப அன்னைக்கு நாங்க என்ன செஞ்சிருக்கணும் டீச்சர்?'

நான் சொன்னேன், 'அரசாங்க இணையதளத்துல போய் அணை நீர்மட்டம் பாத்திருக்கணும்.'

'அது ஆத்துக்குள்ள நிக்கவனுக்குத் தெரியுமா டீச்சர்?'

கிண்டலா கேக்கல. நெசமாத்தான் கேக்கா. நான் கையேட்டைப் புரட்டினேன். அதுல அந்தக் கேள்வியே இல்ல. இதைத்தான் இன்னைக்கு மைக்குல சொன்னேன். கையேடு சரியில்ல, எழுதினவிய ஆத்தங்கரையில இருந்து எழுதலன்னு சொன்னேன். உடனே கூட்டத்தை நடத்துன டிரஸ்ட்டு அம்மா எந்திச்சு வந்து, 'நேரமின்மை காரணமாக'ன்னு மைக்கை வாங்கிட்டாவ. கையேடு மேல குத்தம் சொன்னா பொறுக்கல. சொல்ல வேண்டிய மிச்சம் எவ்வளவோ இருக்கு.

அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னா, அவளுவ என்னட்ட கேக்காமலே ஒரு வேலை பாத்திருக்காளுவ. அந்த வாய்ஸைக் குரூப்புல போட்டவகிட்ட, 'ஒனக்கு யாரு அனுப்பினா?' அவ, தன் நாத்தனாருங்கா. நாத்தனாருக்கு யாரு? கூட வேலை பாக்குதவ. அவளுக்கு? இப்படியே ஒவ்வொருத்தியா போன் போட்டு, ஆறு பேரைத் தாண்டி, ரெண்டே நாள்ல ஆளைக் கண்டுபிடிச்சுட்டாளுவ. பாறையடின்னு மேல ஒரு ஊரு, அணைக்குப் போற ரோட்டுல. அங்க உலகம்மாள்னு ஒரு அம்மா, கொய்யாப்பழம் விக்கவிய. அவிய சத்தம்தான் அது.

எனக்குத் தெரிஞ்சதே பத்து நாள் கழிச்சு. கோபம் வந்துச்சு. இது நான் சொல்லிக் குடுத்த பாடம்லா? செய்தியோட வேரைத் தேடிப் போன்னு நான்தான சொன்னேன்? என்னட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஆவுடை சொல்லுதா, 'ஒங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு நெனச்சோம் டீச்சர்.'

சரின்னு லீவு போட்டுட்டு நானே பாறையடிக்குப் போனேன். அந்த அம்மாவைப் பாத்து, இனிமே வாய்ஸ் அனுப்பினா பேரு, ஊரு, நேரம் மூணும் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துட்டு வரலாம்னுதான். அதுக்குன்னு ஒரு தாள்ல பெருசா அச்சடிச்சுக் கொண்டு போனேன்.

ரோட்டோரம் சாக்கை விரிச்சு, கொய்யாவைக் கூறு கட்டி வச்சிருக்காவ. அம்பது வயசு இருக்கும். நான் என் பேரைச் சொன்னதும் மொகம் மலந்து போச்சு. 'நீங்கதானா பியூலா டீச்சர்? உக்காருங்க உக்காருங்க'ன்னு சாக்குல எடம் போட்டாவ. எனக்கு ஆச்சரியம். 'என்னை எப்படித் தெரியும்?'னு கேட்டேன்.

'டிரஸ்ட்டுக்காரவிய ஒங்க பேரு போட்டு ஒரு நோட்டீசு எங்க ஊர் ரேஷன் கடையில ஒட்டியிருக்காவல்லா. செய்தி உண்மையா பொய்யான்னு சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு. எம் மருமக வாசிச்சுக் காட்டுனா. அன்னைக்குக் கூப்பிட்டேனே ஒங்களை. ரெண்டு தடவை.'

நான், 'என்னைக்கு?'ங்கேன்.

'தண்ணி தொறந்த அன்னைக்கு. வாய்ஸு அனுப்பிட்டேன், ஆனா எனக்கு மனசு கேக்கல. இது எங்க போய்ச் சேரும், நம்புவாவளா மாட்டாவளான்னு. டீச்சர்ட்ட சொன்னா ஊர் பூரா சொல்லிருவாவன்னு மருமக சொன்னா. முதல் தடவை மணி அடிச்சு நின்னுட்டு. ரெண்டாவது தடவை கட்டாயிட்டு. வேலையா இருப்பாவன்னு விட்டுட்டேன்.'

பாத்தீயளா, எனக்கு அப்பம் ஞாபகம் வருது. வந்துச்சு. நான் போட்டோவைத் தேடிக்கிட்டு இருக்கும்போது ஒரு நம்பர் வந்துச்சு. தெரியாத நம்பர். படத்துக்கு மேல வந்து மறைச்சுக்கிட்டு நிக்கி. லோன் வேணுமா, கார்டு வேணுமான்னு கேக்கவனுவ ஞாயித்துக்கிழமைகூட விட மாட்டானுவளேன்னு ஒரு எரிச்சல். முதல் தடவை விட்டுட்டேன். ரெண்டாவது தடவை நான்தான் கட் பண்ணுனேன். கையில மீன் வாடை. சுட்டு விரலால இல்ல, போன்ல ஒட்டிரும்னு சுண்டு விரலால தள்ளி விட்டேன்.

உலகம்மா முன்னாலயே போனை எடுத்துப் பாத்தேன். அழிக்கல, இருக்கு. பதினொண்ணு மூணு. பதினொண்ணு ஆறு. நான் முத்திரை குத்துனது பதினொண்ணு பதிமூணு.

அந்த அம்மா நாலு கொய்யாவை நறுக்கி, உப்பும் வத்தப் பொடியும் போட்டுக் குடுத்தாவ. சாப்பிட்டேன். என்ன செய்யச் சொல்லுதீய? வேண்டாம்னா எப்படி? அச்சடிச்ச தாளைப் பையை விட்டு வெளிய எடுக்கவே இல்ல.

இந்த நம்பர் விஷயத்தை முதல்ல யார்ட்டயும் சொல்லல. எங்க வீட்டுக்காரருக்கே தெரியாது. போட்டோ பழசுங்கது உண்மை, பேரு இல்லாத வாய்ஸுங்கது உண்மை, கையேட்டுல இருக்குங்கது உண்மை. இதெல்லாத்தையும் எத்தன பேர்ட்ட வேணும்னாலும் சொல்லுவேன். இது மட்டும் வெளிய வர மாட்டேங்குது. ரெண்டு நாள் பொறுத்துப் பாத்தேன். மூணாவது நாள் சாயந்திரம் சொரிமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி வெளிய ஒரு ஆட்டுக்குக் காலுல மருந்து தடவிக்கிட்டு இருந்தாவ. நின்னுக்கிட்டே சொன்னேன். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டாவ, ரெண்டு தடவை, நான் எடுக்கல, ஒரு தடவை நானே தள்ளி விட்டேன்னு. அண்ணாச்சி கேட்டுக்கிட்டே இருந்தாவ. மருந்து தடவுத கை நிக்கல. நான் சொல்லி முடிச்சதும், 'அந்த அம்மாதான் மேல இருந்து சொன்னதா?'ன்னாவ. 'ஆமா.' 'அவிய வீட்டுல இருந்து அணை தெரியுமா?' 'தெரியும். சங்கு சத்தமும் கேக்கும்.' 'அப்ப அந்த நம்பர் எனக்கு வேணும் டீச்சர்.'

அவ்வளவுதான். நான் சொன்னது அவியளுக்குப் புரிஞ்சுதா இல்லையான்னே தெரியல. நான் திரும்பச் சொன்னேன், 'அண்ணாச்சி, நான் அந்த போனை எடுத்திருந்தா ஒங்க ஆடு…'ன்னு. 'ஆமா, இருந்திருக்கும்'னாவ. புரிஞ்சிருக்கு. எனக்குத்தான் வேற ஏதோ வேண்டியிருந்துச்சு. ஒரு கோபம், ஒரு கெட்ட வார்த்தை. அவிய உள்ள போய், மக வச்சிருந்த சாக்பீஸை எடுத்துட்டு வந்து என் கையில குடுத்து, கதவுல பெருசா எழுதச் சொன்னாவ. அவியளுக்கு எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். நான் எழுதுனேன். 'பேரும் எழுதட்டுமா?'ன்னேன். 'எழுதுங்க. நான் இல்லாத நேரம் யாராவது பாத்தா ஆளு யாருன்னு தெரியணும்லா.'

எழுதிட்டுத் திரும்பினா வாசப்படியில பிரமு நிக்கா. அத்தன மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் என் மொகத்தைப் பாத்துப் பேசுதா.

'டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீயளே?'

'சொல்லு பிரமு.'

'இனிமே ஒங்களுக்குத் தெரியாததுக்குப் பொய்யின்னு போடாதீய. தெரியலன்னு போடுங்க. தெரியலன்னு போட்டிருந்தா நான் இவியளை ஏறி வரச் சொல்லியிருப்பேன்.'

தெரியலன்னு போடணுமாம்! நான் எம்.சி.ஏ. படிச்சவ. பதினெட்டு வருஷம் பாடம் நடத்துதவ. தெரியலன்னு போடதுக்கு ஒரு டீச்சர் எதுக்கு? வீட்டுக்கு வார வழியெல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டு வந்தேன், வாய் விட்டே. ரோட்டுல ஆளுவ பாத்தாவ. இன்னைக்கும் எனக்கு அந்த வார்த்தை இடிக்கத்தான் செய்யுது. ஆனா அவ சொன்ன கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் அதேதான் வருது. என்ன செய்ய?

போன புதன்கிழமை. பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாட்டு நேரம். குரூப்புல எழுத்துல ஒரு செய்தி வருது. 'அணையில் மதகு உடைந்துவிட்டது. இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் வரும்.' படம் இல்ல, சத்தம் இல்ல, தேட ஒரு துரும்பு இல்ல. வாசிச்ச உடனே எனக்குப் படுது, இது பொய்யின்னு. அந்த எழுத்து, அந்த நடை, எல்லாம் அப்படித்தான் இருக்கு. முத்திரை பக்கமா விரல் போயிட்டு. தொட்டா முடிஞ்சுது. அறுபத்தி மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காளுவ, எனக்குத் தெரியும்.

அடிச்சேன். 'எனக்குத் தெரியல. விசாரிக்கேன்.' மூணு வார்த்தை அடிக்க எனக்கு மூணு நிமிஷம் ஆச்சு.

உலகம்மாவுக்குப் போன் போட்டேன். பிஸி. திரும்பப் போட்டேன். பிஸி. ஏழு தடவை! அப்புறம்தான் தெரியும், மருதங்கால்காரிய அம்புட்டுப் பேரும் அந்த அம்மாவுக்கு அடிச்சுக்கிட்டு இருக்காளுவ. கதவுல எழுதுன நம்பரை ஆளாளுக்குப் போன்ல படம் எடுத்து வச்சிருக்காளுவ. நான்தான் விசாரிக்கேன்னு போட்டேன்லா? கொஞ்சம் பொறுக்கக் கூடாதா? எனக்கு லைனு கெடைச்சாத்தான நான் சொல்ல முடியும்?

பொறுக்க முடியாம ஹெச்.எம்.கிட்ட ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ஆத்துக்கே ஓடிட்டேன். செருப்பு மணல்ல இழுக்குது, கையில தூக்கிக்கிட்டேன். எறங்கிப் பாத்தா, அண்ணாச்சி பதினோரு ஆட்டையும் ஏற்கெனவே கரைக்கு ஏத்திட்டாவ. வேலி ஓரத்துல நிறுத்தி, தின்ன இலை கொழை ஒடிச்சுப் போட்டுக்கிட்டு நிக்காவ. என்னைப் பாத்ததும் கேக்காவ, 'என்ன டீச்சர், உண்மையா, பொய்யா?'

'தெரியல அண்ணாச்சி.'

வாயால சொல்லுதது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி தலையை ஆட்டிக்கிட்டாவ. 'அப்ப இங்கயே நிக்கட்டும். பொய்யின்னு தெரிஞ்சா எறக்கிக்கிட எவ்வளவு நேரமாவும்'னு சொல்லி எனக்கு ஒரு கல்லைத் தட்டிக் காட்டுனாவ, உக்காரச் சொல்லி. உக்காந்தேன். ரெண்டு பேரும் ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். தண்ணி கணுக்கால் அளவுக்குத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.